மோர் வரிசை

முப்பது வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, பௌர்ணமிதோறும் எங்கள் தெருக்காரர்கள் கிரிவலப் பாதையில் போடும் பந்தலில் முதலுதவிக்கு உட்காருவேன். மயங்கி வருகிறவர்களை நான்தான் பிரிப்பேன்: இவருக்கு மோர், இவருக்கு ஆம்புலன்ஸ். படித்ததெல்லாம் தலையில் இருக்கிறது என்ற திமிர் வேறு.

சித்திரை பௌர்ணமி, மத்தியானம். விரதமிருந்து வெறும் வயிற்றோடு, வெறுங்காலோடு நடந்துவந்த பத்துப் பேராவது "நெஞ்சு எரியுதும்மா" என்றார்கள். மோர் குடித்தார்கள், எழுந்து போனார்கள். அடுத்து ஒரு விவசாயி, மனைவியோடு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"இவருக்கு வேர்வை ஜாஸ்தியா இருக்குதுங்க," என்றாள் மனைவி.

"இந்த வெயில்ல யாருக்குத்தான் வேர்க்கல? வெறும் வயித்துல நடந்தா அப்படித்தாம்மா. மோர் குடிச்சா சரியாயிடும்."

நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை, பாவி நான். பாதையில் அடுத்த லிங்கக் கோயில் வருவதற்குள் விழுந்தவர் எழவே இல்லை. அந்த அம்மா பந்தலுக்கே திரும்பி வந்து, "சரியாயிடும்னு சொன்னீங்களே," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த பௌர்ணமிக்கு நான் போனதே செத்துப்போனவரைக் காப்பாற்றத்தான். வேர்த்து விறுவிறுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த ஒவ்வொரு ஆம்பிளையையும் ஆம்புலன்ஸில் ஏற்றினேன். ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த ஒருவனையும் விடவில்லை.

"இன்னாம்மா, வர்றவங்க எல்லாரையும் ஏத்தறீங்க?" என்றார் டிரைவர்.

"நீங்க வண்டிய எடுங்க, எனக்குத் தெரியும்," என்று எரிந்து விழுந்தேன். என்ன தெரிந்தது எனக்கு? போன மாசத்து ஆள் ஒருவரைத்தான் தெரிந்தது.

வண்டி போன கையோடு, மகளோடு ஓர் அம்மா வந்தாள். அறுபது வயதிருக்கும். நெஞ்சு எரியவில்லை, வேர்க்கவில்லை.

"தாடை வலிக்குதும்மா. ரொம்ப அசதியா கீது."

பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும் என்று எத்தனை பயிற்சி நர்ஸ்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! அவளை மோர் வரிசையில் உட்கார வைத்தேன். "புளிக்காம நல்லா கீது," என்று சிரித்தாள். ஐந்து நிமிஷத்தில் டம்ளர் கையிலிருந்து நழுவியது.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கடைசியா உங்க கையால மோர் வாங்கிக் குடிச்சாங்க. எங்கம்மா தாகமில்லாம போனாங்கம்மா. நீங்க நல்லா இருக்கணும்."