கேரட் வேகிற வரைக்கும்

ஓர் இடத்தில் உட்காரவே தெரியாத ஜென்மம் என்று சிலரைச் சொல்வார்கள் இல்லையா, அந்த ரகத்தில் முதல் ஆள் இவர். லிஃப்ட் கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர் பம்பரம். வைத்தவர்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. ஐம்பத்தேழு வயது, ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். சாப்பிட உட்கார்ந்தால் கை கழுவுவதற்குள் மூன்று தடவை எழுந்துவிடுவார்: குழாய் சொட்டுகிறதா என்று ஒரு தடவை, வாசல் தாழ்ப்பாளைப் பார்க்க ஒரு தடவை, எதற்கு எழுந்தோம் என்றே தெரியாமல் ஒரு தடவை.

"கால்ல வெந்நீர் கொட்டின மாதிரி ஏன் இப்படித் தவிக்கிறீங்க? அஞ்சு நிமிஷம் உட்காருங்களேன்" என்று முப்பது வருஷம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர் அவர் மனைவி. மருந்துக் கடையில் கவுன்டரில் நிற்கிற வேலை அந்தம்மாவுக்கு. நல்ல வாய்த் துடுக்கு. டாக்டர் கிறுக்கியதைப் படித்துக்கொண்டே வாடிக்கையாளரையும் கிண்டல் பண்ணுவார், அவர்களும் சிரித்துக்கொண்டே மாத்திரை வாங்கிப் போவார்கள். அந்த வாய்க்குத்தான் இப்படி வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அதே கவுன்டரில் நின்றபடி சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒவ்வொரு வார்த்தையாக, வழியெல்லாம் நின்று நின்று வந்தது. விழுங்குவதும் சிரமமாகிவிட்டது.

பம்பரம் மூன்று மாத லீவு போட்டார். அதைக் குறை சொல்ல முடியாது, மனுஷன் ஓடி ஓடிப் பார்த்தார். பிரச்சினையே அந்த ஓட்டம்தான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

முதல் வாரமே அடுப்பில் இரண்டு பாத்திரத்தைக் கருக்கினார். காயை வேகப் போட்டுவிட்டு, ஒரு நிமிஷம் என்று படுக்கையறை ஜன்னல் கொக்கியைச் சரிபண்ணப் போனால், ஜன்னலைக் கழற்றி முடித்த பிறகுதான் புகை வாடை மூக்குக்கு எட்டியது. சேதி தெரிந்ததும் வெளியூரில் இருக்கிற மகள் போனிலேயே ஆடித் தீர்த்துவிட்டு ஒரு மைக்ரோவேவ் வாங்கி அனுப்பினாள். "அது தானா நின்னுடும்ப்பா. நீங்க மறந்தாலும் அது மறக்காது."

மாதத்துக்கும் மேலாகக் காயை மிக்ஸியில் அடித்த கூழ்தான் அந்தம்மாவுக்குச் சாப்பாடு. அதிலும் நாலு ஸ்பூன் போனால் ஐந்தாவதுக்கு உதட்டை இறுக்கிக்கொள்வார். ஐம்பத்திரண்டு கிலோ நாற்பத்தேழுக்கு வந்து நின்றது. வீட்டுக்கு வந்து பேச்சுக்கும் விழுங்கவும் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட் பெண் திங்கட்கிழமை எடை பார்த்துவிட்டு பம்பரத்தைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"சார், உங்ககிட்ட மறைக்க விரும்பல. இப்படியே போனா மூக்கு வழியா குழாய் போடணும்னு டாக்டர் சொல்லிட்டார்."

"ஐயோ, குழாயா? வேணாம் டாக்டரம்மா." டாக்டர் இல்லை என்று அந்தப் பெண் பத்துத் தடவை சொல்லியும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"எனக்கும் வேணாம்னுதான் ஆசை. தொண்டை இப்ப தேறிடுச்சு, மெத்துனு வெந்த துண்டு விழுங்குற அளவுக்குத் தெம்பு இருக்கு. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரேன். என் கண் முன்னால பதினாலு துண்டு காய் சாப்பிட்டாங்கன்னா டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

எப்படி வேக வேண்டும் என்றும் காட்டினாள். விரல் நகமளவு துண்டு. தோல், நார் எதுவும் கூடாது. வெந்த துண்டை முள்கரண்டியின் முதுகால் அமுக்கினால், கட்டைவிரல் நகம் லேசாக வெளுக்கிற அழுத்தத்திலேயே அது நசுங்கிப் படுத்துவிட வேண்டும். விட்ட பிறகு எழும்பக் கூடாது. கண்ணாடிக் கிண்ணம், மூன்று ஸ்பூன் தண்ணீர், மேலே மூடி, நாலு நிமிஷம். அவ்வளவுதான் வேலை.

கேட்டால் குழந்தைகூடச் செய்துவிடும் போலிருக்கிறதா? நம்ம ஆளுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் போட்ட கேரட் ஓரமெல்லாம் சுருங்கி, நடுவில் கல் மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் வைத்தார். ரப்பராகிவிட்டது. காலிஃபிளவர் போட்டார். காம்பு கடக் கடக்கென்றது. பூசணி மட்டும் போனால் போகிறதென்று பாதி வெந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க மிஷின்மேல் சந்தேகம். ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக் கொதிக்கிறதா பார்த்தார். கொதித்தது. கதவு இடுக்கில் காகிதத்தைச் செருகி, இழுத்து, சரியாக மூடுகிறதா பார்த்தார். கச்சிதமாக மூடியது. கடைக்குப் போன் போட்டு, "உங்க மிஷின் சுத்துது, ஆனா வேகல" என்று ஒரு பிடி பிடித்தார். எதிர்முனையில் இருந்தவர் பாவம், கையேட்டைப் படிக்கச் சொன்னார். முப்பது வருஷம் லிஃப்டுக்குக் கையேடு இல்லாமலே வைத்தியம் பார்த்தவரிடம் சொல்கிற பேச்சா அது?

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மகள் வீடியோவில் வந்தாள். போனை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்துவிட்டு அவர் கேரட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். அரை நிமிஷம் ஆகியிருக்காது, திறந்தார். மூடியைத் தூக்கினார். குத்திப் பார்த்தார். சாத்தினார். மறுபடி திறந்தார்.

"அப்பா! எதுக்குத் திறக்கறீங்க?"

"வெந்துச்சான்னு பாக்க வேணாமா?"

"எத்தனை தடவை பாப்பீங்க?"

"ஏழெட்டுத் தடவை இருக்கும். மூடின கதவுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம எப்படிம்மா சும்மா நிக்கிறது?"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆவியிலதாம்ப்பா அது வேகணும். நீங்க திறந்து திறந்து ஆவியெல்லாத்தையும் வெளியே விட்டுட்டு, மிஷினைத் திட்டறீங்க. லிஃப்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குறவங்களை என்ன சொல்லுவீங்க?"

என்ன சொல்வார்? "அறிவிருக்கா, ஒரு தடவை அமுக்கினா பத்தாதா" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார். கேரட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஷின் நின்னு சத்தம் கொடுத்த பிறகும் ரெண்டு நிமிஷம் மூடியைத் தொடக் கூடாது. உள்ள இருக்கற சூட்டுலயே மிச்சம் வெந்துடும். சத்தியமா தொடாதீங்கப்பா."

புதன்கிழமை காலையில் அந்த ஆறு நிமிஷத்தை அவர் கழித்த அழகை வந்து பார்த்திருக்க வேண்டும். குட்டி போட்ட பூனை மாதிரி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தார். கை நமநமவென்றது. கையைக் கட்டுப்படுத்த, வாசலுக்கு ஓடிப்போய்ச் செருப்புகளை வரிசையாக அடுக்கினார். திரும்பி வந்து மூடியைத் தூக்கி, முள்கரண்டியால் அமுக்கினார். நகம் வெளுத்தது, கேரட் அப்படியே படுத்தது! குழந்தைக்குப் பல் முளைத்ததைப் பார்த்த மாதிரி சந்தோஷம் மனுஷனுக்கு.

கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினார். தலையணை முட்டுக்கொடுத்து மனைவியை நிமிர்த்தி உட்காரவைத்தார். ஒரு துண்டு ஊட்டினார். அது தொண்டைக்குள் போவதற்குள் ஃபேன் ஒரு பக்கமாக ஆடுவது கண்ணில் பட, எழுந்து சுவிட்சுக்குப் போனார். வந்தார். இரண்டாவது துண்டை நீட்டினார். உதடு மூடிக்கொண்டது.

"ஏன்? நல்லா வெந்திருக்கே. நாக்காலயே நசுக்கிடலாம்."

அந்தம்மா தலையை அசைத்தார். வாயைத் திறந்து ஏதோ சொல்ல முயன்றார். "நா... நீ..."

"தண்ணியா? தண்ணிதானே? இல்லையா? உப்பு பத்தலையா? சூடா இருக்கா? ஜன்னலைத் திறக்கவா? முதுகு வலிக்குதா?"

மனைவியின் வாய் மூடியது. அப்படியே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு மாதமாக இதே கதைதான். முதல் எழுத்து வெளியே வருவதற்குள் இவர் ஏழு கேள்வியைக் கொட்டிவிடுவார்.

பம்பரத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னதான் வேணும் உனக்கு? நாய் மாதிரி ஓடறேன். மூணு நாளா காயோட மல்லுக்கட்டறேன். குழாய்தான் வேணுமா? அப்ப போட்டுக்கோ!"

சொன்ன மறு நிமிஷமே சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன் நாக்கையே அறுத்துப் போடலாம் போலிருந்தது. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடக்கிற காட்சி கண்ணை விட்டு நகரவில்லை.

வியாழக்கிழமை விடிந்தது. நிமிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று தெரபிஸ்ட் பெண் சொல்லியிருந்தாள். சாப்பாட்டு மேஜை இருப்பது சமையலறையில். பத்தரை மணிக்கு மனைவியைத் தாங்கிக் கூட்டிவந்து மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அந்தம்மா அங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. அலமாரியில் மாறிக் கிடந்த டப்பாக்களைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். வேறு சமயமாக இருந்தால் அதற்கு ஒரு பாட்டு விழுந்திருக்கும்.

பதினான்கு துண்டு கேரட். மூன்று ஸ்பூன் தண்ணீர். மூடி. நாலு நிமிஷம். மிஷின் உறுமத் தொடங்கியது.

வழக்கம்போல கூடத்துக்குக் கிளம்பினார். சட்டை பின்னாலிருந்து இழுத்தது. திரும்பினால், மனைவியின் இடது கை சட்டை நுனியை முறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கைக்கு இவ்வளவு பலமா என்றிருந்தது.

"என்னம்மா? தண்ணி..."

கை சட்டையை ஓர் உலுக்கு உலுக்கியது. பேசாதே என்று அர்த்தம். அது தெரியாத அளவுக்கு அவர் மக்கு இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

"அன்னிக்கு..." என்றார் அந்தம்மா. உதடு கோணியது. நெற்றியில் வியர்த்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. பம்பரத்தின் நாக்கு நுனியில் பத்து வார்த்தை துடித்தது. பல்லைக் கடித்தார். கால் தானாக நகரப் பார்த்தது, சட்டை விடவில்லை.

"ஆஸ்... பத்திரியில."

மிஷின் சுற்றியது.

"தண்ணி... கொடுத்துட்டு... போயிட்டீங்க."

எங்கே போனேன் என்று கேட்க வந்தவர் தானே ஞாபகப்படுத்திக்கொண்டார். இரண்டாவது நாள். வராந்தா கடைசியில் இருந்த லிஃப்ட் கதவு கிறீச் கிறீச்சென்று உரசிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வாய் தண்ணீர் ஊட்டிவிட்டு, என்னவென்று பார்க்கப் போய்விட்டார்.

மைக்ரோவேவ் நின்று மூன்று தடவை சத்தம் கொடுத்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மூச்சு... நின்னுடுச்சு. கூப்... கூப்பிட... வாய் வரல." கண்ணீர் கோணிய உதட்டில் இறங்கி வழிந்தது. "நீங்க... இல்ல."

பம்பரத்துக்குச் சகலமும் அடங்கிப்போனது. அன்று அவர் திரும்பி வந்தபோது நர்ஸ், "லேசா புரை ஏறிடுச்சு, இப்ப சரியாயிடுச்சு" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "மக நினைச்சிருப்பா" என்று சொன்னார். சிரித்தார், ஆமாம். கட்டிலில் கிடந்தவள் செத்துப் பிழைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அதனாலதான் சாப்பிடலியா?"

தலை அசைந்தது. "பயம். ஊட்டிட்டு... ஊட்டிட்டு... எழுந்து போறீங்க."

காய் வேகாததோ, உப்போ, ருசியோ காரணமே இல்லை. மிஷினைத் திட்டினார், கடைக்காரனைத் திட்டினார், கடைசியில் அவளையும் திட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி எதிரே உட்கார்ந்தார். "தப்புதாம்மா. என் மேலதான் தப்பு" என்றார். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அந்தம்மா இடது கையால் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

தெரபிஸ்ட் பெண் வந்து மணி அடித்தபோதுதான் கிண்ணத்தின் ஞாபகமே வந்தது. மிஷின் நின்று இருபது நிமிஷம் ஆகியிருந்தது. கேரட் ஊட்டுகிற சூட்டில், தொட்டால் நசுங்குகிற பதத்தில் இருந்தது.

முதல் துண்டு. அந்தம்மா மோவாயைக் கீழே இறக்கி மென்றார். விழுங்கினார். இன்னொரு தடவை விழுங்கினார். பம்பரம் கண்கொட்டாமல் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது துண்டில் ஓர் இருமல் வந்தது. மனைவியின் கண் பயத்தில் விரிந்து அவரைத் தேடியது. "இங்கதான் இருக்கேன்" என்றார். இருமல் அடங்கியது. உதடு தானாகத் திறந்து ஐந்தாவது துண்டை வாங்கிக்கொண்டது.

பதினான்கு துண்டும் தீர ஐம்பது நிமிஷம் பிடித்தது. ஐம்பது நிமிஷமும் அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழவில்லை. நம்பினால் நம்புங்கள்.

தெரபிஸ்ட் பெண் எழுதி முடித்துப் பேனாவை மூடினாள். "குழாய் வேணாம்னு நான் டாக்டர்கிட்ட சொல்றேன். ஆனா இனிமே ஒரு நாளைக்கு மூணு வேளை இப்படித்தான். ஒவ்வொரு வேளையும் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். முழு நேரமும் ஒருத்தர் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கணும். அதுக்கு ஆள் ஏற்பாடு பண்ணணுமா சார்?"

பம்பரம் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள், ஒரே மூச்சில், எங்கேயும் தடுக்காமல் அவர் மனைவி பதில் சொன்னார்.

"இவர் இருப்பார்."