அக்கா கொடுத்த பதினொரு சட்டைகள்

எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டில் நான் தைத்த போர்வைகள் ஒன்பது இருக்கின்றன. ஆனால் டிசம்பர் குளிருக்கு நானும் மனைவியும் போர்த்திக்கொள்வது கடையில் வாங்கிய கம்பளியைத்தான். ஒன்பதில் ஒன்றுகூட முடியவில்லை. பக்கத்து வீட்டில் பிறக்கவிருந்த குழந்தைக்கென்று ஒன்றை ஆரம்பித்தேன். அந்தக் குழந்தை இப்போது தெருவில் சைக்கிள் ஓட்டுகிறது.

நான் கல்லூரியில் முப்பத்து மூன்று வருடம் வடிவகணிதம் நடத்தியவன். ஓய்வு பெற்றபின், வெளிநாட்டுப் பெண்கள் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதைச் செல்போனில் பார்த்துவிட்டு, சதுரமும் முக்கோணமும்தானே, இதில் என்ன பிரமாதம் என்று இறங்கினேன். உருளைக் கத்தி வந்தது. அதற்கென்று கட்டம் போட்ட பச்சைப் பலகை வந்தது. வெட்டுவதில் எனக்கு நிகர் கிடையாது. தைப்பதில்தான் சிக்கல். நான்கு துண்டுகள் சேரும் முனை ஒரு நூல் விலகினாலும் பிரித்துவிடுவேன். மறுபடி தைத்து மறுபடி பிரிப்பேன். மூன்றாம் தடவை துணி நைந்துவிடும். உடனே அடுத்த போர்வையை ஆரம்பிப்பேன். இந்தச் சோம்பேறித்தனத்துக்கு நான் வைத்திருந்த பெயர் நேர்த்தி.

"தெருவுல கௌதிப் போர்வை தைக்க வர்றவங்களப் பாருங்க," என்பாள் மனைவி. "பழைய புடவையக் குடுத்தா நாலு நாள்ல போர்வையாக்கிக் குடுத்துட்டுப் போறாங்க. ஸ்கேலும் கிடையாது, பலகையும் கிடையாது."

"அவங்க தையல் கோணலா இருக்கும்."

"கோணலா இருந்தா குளிர் உள்ள வந்துடுமா?"

நான் அடுத்த முனையைப் பிரிக்க உட்கார்ந்தேன்.

ஜீவனஹள்ளியில் இருக்கும் என் அக்காவும் என்னை நம்பினாள். மாமா அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர். அவர் போன பிறகு, துணிமணியை எல்லாம் ஏதாவது இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று அக்காவின் மகள் அவசரப்பட்டாள். அக்கா பதினொரு சட்டைகளை இரண்டு பைகளில் திணித்துக்கொண்டு பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டாள்.

"சட்டையா இருந்தா யாராவது தூக்கிக் குடுத்துடுவாங்கடா. போர்வையாயிட்டா யார் கேக்கப் போறா? போத்திக்கிட்டுப் படுத்துக்குவேன். பொங்கலுக்குள்ள ஆயிடுமா?"

"ஆயிடும்க்கா."

இரண்டே நாளில் பதினொன்றையும் வெட்டித் தள்ளினேன். எல்லாவற்றையும் முதலில் வெட்டிவிட வேண்டும், பழுதில்லாத துணியை மட்டுமே எடுக்க வேண்டும் என்பது நான் வகுத்த விதி. மாமாவின் சட்டைகளில் பழுதுக்குக் குறைவில்லை. லேத்தில் இரும்பு கடையும்போது தெறிக்கும் சூடான சீவல் பட்டு, நெஞ்சிலும் கையிலும் சின்னச் சின்னப் பொத்தல்கள். ஒவ்வொன்றையும் யாரோ இழை ஓட்டி அடைத்திருந்தார்கள். யாரோ என்றா எழுதுகிறேன்? யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அந்த இடங்களை எல்லாம் ஒதுக்கி ஒரு பக்கெட்டில் போட்டேன். மிச்சமான சுத்தத் துணியில் ஐந்து அங்குலச் சதுரங்கள், ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல்.

அதற்குமேல் நடக்கவில்லை. மூன்று பொங்கல் போயிற்று. போனில் அக்கா கேட்பாள். பாதி ஆச்சு என்றேன், அப்புறம் முக்கால் என்றேன். போன வருடம், கேட்டுக் கேட்டு அவள் குரல் தயங்கத் தொடங்கியபோது, "ஓரம் அடிக்கிறது மட்டும்தான் பாக்கி" என்றேன். ஒரு சதுரத்தைக்கூட இன்னொன்றோடு சேர்த்திருக்கவில்லை.

ஒருநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

"ஓரம்தானே பாக்கி? நானே அடிச்சுக்கறேன். குடு."

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுப்பில் ஒன்றுமே இல்லாத சமையலறைக்குள் போனாள். நான் இரண்டு செருப்பு அட்டைப்பெட்டிகளை எடுத்துவந்து அக்கா முன்னால் வைத்தேன். அவள் திறந்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவளோ ஒவ்வொரு சதுரமாக எடுத்து, திருப்பிப் பார்த்து, எதையோ தேடினாள்.

"பொத்தலெல்லாம் எங்கேடா?"

"எது?"

"சீவல் பட்டது. நான் தைச்சது."

"பழுதுன்னு தனியா எடுத்துட்டேன்க்கா."

"எடுத்து?"

பொய் சொல்லும் தெம்பு இல்லை. "வண்டி துடைச்சுட்டேன்."

அக்கா கையிலிருந்த சதுரத்தைப் பெட்டியில் வைத்தாள். பிறகு, "மாமா இருந்தப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பட்டறையிலேர்ந்து ஒரு மூட்டை வேஸ்ட் துணி அனுப்பியிருப்பாரே," என்றாள். "பெரிய படிப்பு படிச்சவன், கேக்கக் கூச்சம்."

"ரெண்டு மாசத்துல முடிச்சுக் குடுத்துடறேன். சத்தியமா."

"வேணாம். நீ தைச்சா நேரா இருக்கும். அந்த மனுஷன் ஒரு பட்டனை நேராப் போட்டதில்ல. இத்தனை நேரா இருந்தா அவர் சட்டைன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கி வருகிறேன் என்றேன். "நீ தூக்கினது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வடிவகணிதம் படித்தவனுக்கு இதில் பாடம் இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பொறுமை, பூரணம் என்று ஏதேதோ. தைத்து முடிக்கத் துப்பில்லாதவன் அடுத்தவர் வீட்டுச் சட்டையில் கத்தி வைக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான்.

போன வாரம் ஜீவனஹள்ளிக்குப் போனேன். மதிய நேரம், அக்கா அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். பதினேழு நாளில் தைத்துவிட்டாளாம். இரட்டை நூல், நீளநீளமான தையல், ஒரு முனையும் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. அகலம் இருக்கிறது. நீளம் முழங்காலோடு நின்றுவிட்டது. துணி போதவில்லை, ஏன் போதவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"நீளம் பத்தலையேக்கா" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"காலை மடக்கிக்கிட்டா பத்தும்" என்று சொல்லி, மடக்கிக் காட்டினாள்.