நாவற்பழ நிறத்தில் எடுத்த வாள்

கரையான்சாவடியில் தலைச்சன் பிள்ளையின் ரத்தத்தில் தோய்த்த வாள் ஒன்று இருந்ததாம். மஸ்கட்டில் ஒரு கல்யாண விருந்தில், பக்கத்து இலைக்காரர் தன் மாமனார் சொன்னதாகச் சொன்னார். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார். அந்தப் பிள்ளையைப் பெற்றவள் என் அப்பாவின் அத்தை நாகம்மாள் என்பது அவருக்குத் தெரியாது. எண்பது வருஷமாகியும் அந்தப் பொய் சாகவில்லை. கடல் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. நான் எழுதாமல் விட்டால் அதுவே நிலைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நாகம்மாளின் புருஷன் திருவேங்கடம் ஆசாரி, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிறவர். சம்மட்டி அவருடையது. பதம் பார்க்கிற கண் அவளுடையது. அரிவாளோ உளியோ, காய்ச்சித் தோய்ப்பது அவள்தான்.

1943 பங்குனியில் அவர்களுடைய முதல் குழந்தை, ஏழு மாதம், வாந்திபேதியில் போயிற்று. சித்திரை பிறந்ததும் மிராசுதார் ஜம்புலிங்கம் பட்டறைக்கு வந்தார். தீமிதிக்குத் திரௌபதி அம்மனுக்கு வாள் ஒன்று சாத்த வேண்டுமாம். உடைந்த லாரி வில்பட்டையையும் அவரே கொண்டுவந்திருந்தார்.

"கூத்தாடி கையில வெச்சிகினு ஆட்ற தகரம் மாதிரி இருந்துது, மூஞ்சிலியே அடிப்பேன். வளைச்சா நிமிரணும், ஆமா."

திருவேங்கடம் அடித்து நீட்டிய வாளை நாகம்மாள் செக்கச் சிவக்கக் காய்ச்சி, இலுப்பை எண்ணெய்த் தொட்டியில் செங்குத்தாக இறக்கினாள். அரம் போட்டால் பிடிக்காமல் வழுக்கியது, அவ்வளவு கடினம். அந்த நிலையில் எஃகு கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் உடையும். மறுபடி இளஞ்சூடு காட்டித்தான் அதன் முரட்டுத்தனத்தை இறக்க வேண்டும். செங்கல் தூளால் தேய்த்து வெளுக்க வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கட்டை மேல் வாளின் முதுகை வைத்து மெல்ல நகர்த்தினாள். முதலில் வைக்கோல் நிறம் ஓடும், அப்புறம் பழுப்பு. விளிம்பு நாவற்பழமாகும் கணத்தில் எடுத்துவிட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் பதம் போய்விடும். வெயிலில் அந்த நிறங்கள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பட்டப்பகலில் பட்டறைக் கதவைச் சாத்தினாள்.

கதவைச் சாத்தியதுதான் அவள் செய்த குற்றம். எதிர்க்கடை சம்பத் இடுக்கு வழியாகப் பார்த்தான். இருட்டு, தொட்டி, தொட்டியில் கறுப்பாக ஏதோ. பிள்ளை செத்து ஒரு மாதம்கூட ஆகாத வீடு வேறு. பொழுது சாய்வதற்குள் எண்ணெய் ரத்தமாகிவிட்டது. முந்தைய வருஷம் ஆகஸ்டில் நடந்த ‘வெள்ளையனே வெளியேறு’ கலவரத்துக்குப் பிறகு ஆயுதம் என்ற சொல்லைக் கேட்டாலே போலீஸ் துள்ளிக் குதித்த காலம் அது. மூன்றாம் நாள் காலை வாளையும் திருவேங்கடத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

பின்னாலேயே ஓடினாள் நாகம்மாள். ஸ்டேஷனில் ஏட்டு வீராசாமி வாளை மேசை விளிம்பில் வைத்து வளைத்துப் பார்த்தார். விட்டதும் விண்ணென்று நிமிர்ந்தது.

"ஏம்மா, சாமிக்கு வெக்கிற கத்திக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பதம்? சும்மா பட்டையா அடிச்சிருந்தா திருவிழா சாமான்னு எழுதி அனுப்பிருப்பேன். இது ஆயுதம். ரத்தம் கித்தம்னு வேற சொல்லிகினு கீறாங்கோ."

"மோந்து பாருய்யா! இலுப்பெண்ணெ வாசனெ தெரியாத மூக்கு இன்னாத்துக்கு ஒனக்கு? எம்புள்ள ரத்தத்துலயா நான் தோய்ப்பேன்? செய்யச் சொன்னவரு மிராசுதாரு. அவரக் கேளு."

"ஆளு உட்டேன். கீழ்ப்பாக்கம் பங்களாவுக்குப் பூட்டாராம், நேத்தே."

ஏட்டு கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பன்னண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. பின்னாடி அடுப்பு கீது. அதுல போட்டுச் செவக்கவெச்சி சாம்பல்ல பொதைச்சிடு. பதம் செத்துடும். உன் ஊட்டுக்காரன உட்டுட்றேன். இல்லாங்காட்டி, கோயிலுக்குன்னு நான்தான் செய்யச் சொன்னேன்னு மிராசுதாரு வாயால சொல்லணும்."

கம்பிக்குள்ளிருந்து திருவேங்கடம் கெஞ்சினார். "போட்டுட்றி நாகு. இன்னொண்ணு அடிச்சிக்கலாம்."

"அடிப்பய்யா நீ! இத்த அழிச்சா, பயந்துகினு அழிச்சா, அப்போ ரத்தந்தான்னு ஊரு பேசும். நான் சாகற மட்டும் பேசும். செய்யச் சொன்னவன் வாயால சொல்லட்டும். ஏட்டய்யா, போனைப் போடு."

ஏட்டு எக்ஸ்சேஞ்சைப் பிடித்துப் பங்களாவைக் கேட்டார். இணைப்பு கிடைத்ததும் போனை அவள் கையிலேயே கொடுத்தார். அதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. காதில் அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. கடிகாரத்தில் பதினொன்றே முக்கால்.

"ஊஞ்சல்ல குந்திகினு வெத்தல மெல்லுவான். காதுல உழாமயா கீது?"

"வெளிய போயிருப்பாரு. வெச்சிடும்மா, நேரமாவுது. அடுப்பாவது மூட்டு."

"மூட்ட மாட்டேன். வெக்கவும் மாட்டேன்."

ஏட்டு போனுக்குக் கை நீட்டினார். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். கீழ்ப்பாக்கத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.