வலி நின்னுபோச்சுன்னா ஓடி வாங்க

முதலில் குல்லாவைக் கழற்றச் சொல்கிறார். அடுத்து மப்ளரை. வணக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான். கொடைக்கானல் ஆண்பிள்ளைகளுக்குக் குல்லா என்பது காதைப் போல உடம்போடு முளைத்தது. அதைக் கழற்று என்றால் வேட்டியை அவிழ்க்கச் சொன்ன மாதிரி விழிக்கிறார்கள். தேவகுமாரி டாக்டர் விடுவதில்லை. பெஞ்சில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேர் கழுத்தையும் பார்த்தாக வேண்டும். தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, பேரிக்காய் கனிந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் போல அழுத்திப் பார்த்துக்கொண்டே வரிசையாகப் போகிறார். "பள்ளிக்கூடத்துல நகம் பாக்குற மாதிரில்ல பாக்குறாக" என்று யாராவது முனகுவார்கள். காதில் விழுந்தாலும் அவர் நிறுத்த மாட்டார்.

மூஞ்சிக்கல்லில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிறது அவருடைய பல் ஆஸ்பத்திரி. ஏறுவதற்குப் பதினெட்டுப் படி. படியேறி வருகிறவர்களுக்கு எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்பதையும் உள்ளேயிருந்தே கவனித்துக்கொள்வார். நாற்பத்து நான்கு வயது, குட்டை உருவம், வெள்ளைக் கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர். தாயும் தகப்பனும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து அட்டுவம்பட்டியில் குடியேறியவர்கள். மகள் டாக்டருக்குப் படித்து, ஊருக்கே டாக்டராகியும், டீயைத் 'தேத்தண்ணி' என்று சொல்லும் வழக்கம் மட்டும் போகவில்லை. அதுவும் பயந்த நேரத்தில்தான் வாயில் வரும். அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வந்துவிடும்.

ஆமாம், பயந்த சுபாவம். பல் டாக்டரைக் கண்டு ஊர் பயப்படுவது உலக வழக்கம். இங்கே ஊரைக் கண்டு டாக்டர் பயப்படுகிறார். மரப்பு ஊசி போடுவதற்கு முன்னால் சுகர் உண்டா, பிரஷர் உண்டா, நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று மூன்று முறை கேட்டாக வேண்டும். முதல் முறை உதவிக்கு இருக்கும் பாண்டிச்செல்வி கேட்பார், இரண்டாம் முறை டாக்டர் கேட்பார், மூன்றாம் முறை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரே மறுபடி கேட்பார். "சாப்டீங்களா? எத்தனை இட்லி? உண்மையச் சொல்லுங்க." ஒன்றரை இட்லி என்று சொன்ன ஒரு ஹோட்டல் முதலாளியைக் கீழே பேக்கரிக்கு அனுப்பி, பன் தின்றுவிட்டு வரச் சொன்ன கதை ஊரில் பிரசித்தம்.

பாண்டிச்செல்விக்கு இதெல்லாம் பழகிப்போயிற்று. நாற்காலியில் சாய்ந்திருப்பவரிடம் அவர் சொல்லும் பாடம் இது: "வலிச்சா நீங்க கையத் தூக்குங்க. டாக்டருக்குப் பயம் வந்தா அவுக தூக்குவாக." சிரிப்பு அடங்குவதற்குள் ஊசி இறங்கியிருக்கும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும், வாய்க்குள் போன பிறகு அந்தக் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. கையுறையைக் கழற்றின பிறகுதான் நடுங்கும்.

அவர் சொல்லும் புத்திமதியிலும் பயம்தான் முக்கால் பங்கு. கடைக்குக் கடை சாக்லேட் விற்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, சாக்லேட்டைவிட அது பல்லில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் நேரம்தான் எமன் என்கிறார். பிள்ளை வாயில் பால் புட்டியோடு தூங்கினால் விடிவதற்குள் பல் கரைகிறது என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். ஈறில் ரத்தம் வருகிறதென்று பல் விளக்குவதை நிறுத்துகிறவர்களைக் கண்டால் அவருக்கு அழுகையே வந்துவிடும். "ரத்தம் வந்தா இன்னும் நல்லா வெளக்கணுங்க. மெதுவா, மெத்து பிரஷ்ல. ராத்திரி படுக்கப் போறப்போ கண்டிப்பா." ஊக்கால் பல் குத்துகிறவரிடமிருந்து ஊக்கைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார். மேசை இழுப்பில் அப்படிச் சேர்ந்த ஊக்குகள் ஒரு தையல்கடைக்குக் காணும்.

ஆனால் எல்லாப் புத்திமதிக்கும் தலையாய புத்திமதி ஒன்று உண்டு. வாசலில் செருப்பு மாட்டுகிறவரைக்கூட நிறுத்திச் சொல்வார். "வலிச்சா வாங்க. வலிச்சு, தானா நின்னுபோச்சுன்னா ஓடி வாங்க." கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டுப் படியிறங்கும்போது சிரிப்பார்கள். வலி நின்றால் எதற்கு டாக்டர்? பல்லின் உள்ளே நரம்பு செத்தால் வலி நிற்கும், சீழ் நிற்காது, அது வலிக்காமல் கீழே இறங்கும் என்பதை அவரும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். வலி போன மனிதனுக்கு எதுவும் ஏறாது.

மலைமேல் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இங்கே எது வீங்கினாலும் பனிக்கு வீங்கினதுதான். கன்னம் உப்பினால் பனி, தாடை இறுகினால் பனி. உடனே துணியைச் சுற்றிச் சூடு கொடுத்துவிடுவார்கள். உள்ளே சீழ் வைத்த தாடைக்கு வெளியே சூடு கொடுப்பது வேலி தாண்டத் தயாராக நிற்கும் மாட்டை விரட்டிவிடுகிற காரியம். அதற்கு மேல் மப்ளரும் குல்லாவும் மூடிக்கொண்டால் வீக்கம் கட்டின பெண்டாட்டிக்கே தெரியாது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், தோட்டக் காவல்காரர் ஒருவர் கழுத்தைச் சுற்றின மப்ளரோடு இதே பெஞ்சின் கடைசியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்து மப்ளரை எடுத்தபோது தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே பள்ளமே இல்லை. தேவகுமாரி பதறிப்போய், மதுரை டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். "வெள்ளனே மொத பஸ்ஸுக்குப் போயிர்றேம்மா" என்று அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். முதல் பஸ் புறப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. கோட்டுப் பையில் கடிதம் மடிப்புக் கலையாமல் இருந்ததாக அவர் மனைவி வந்து சொன்னார். அந்தப் பயம் தேவகுமாரிக்கு இன்றுவரை தெளியவில்லை. தெளிய வேண்டும் என்று அவர் ஆசைப்படுவதாகவும் தெரியவில்லை.

போன மாசியில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மேல்மலைக் கிராமமான போளூரிலிருந்து பொன்னுவேல் என்ற விவசாயி ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே மனைவி சின்னத்தாயி. பதினெட்டுப் படியை ஏற அவருக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. டாக்டர் மப்ளரைக் கழற்றச் சொன்னார். மப்ளருக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் அரைத்த பூண்டு. அறை முழுக்கப் பூண்டு நெடி. தோல் வெந்து கொப்புளித்திருந்தது, அதன் கீழே தாடையும் கழுத்தும் ஒன்றாகிவிட்டிருந்தன.

"எத்தனை நாளாம்மா?"

"பத்து நாளா வலிங்கம்மா" என்றார் சின்னத்தாயி. "சுட்ட பூண்டப் பல்லுப் பொந்துல வச்சு அமுக்குனோம். செங்கலக் காய வச்சு ஒத்தடம் குடுத்தோம். பனிக்குத்தான வீங்கியிருக்குன்னு நெனச்சோம். முந்தாநாளு பாருங்க, வலி சுத்தமா நின்னுபோச்சு. அப்பாடான்னு இருந்தோம்."

தேவகுமாரி இரண்டு விரலை வைத்து அழுத்தினார். பலகை மாதிரி இருந்தது. "நாக்க நீட்டுங்கண்ணே." நாக்கு பல்லைத் தாண்டி வரவில்லை. கீழே இருந்து ஏதோ அதை மேலே தூக்கி வைத்திருந்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது.

பொன்னுவேல் பேசினார். சுடுசோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது. சின்னத்தாயிதான் பொருள் சொன்னார். "வெரசா பல்லப் புடுங்கி விட்டுருங்கங்கிறாக. புடுங்குன பூண்டு காட்டுல கெடக்கு, மேகம் கூடி நிக்கிது, சோலி நெறைய இருக்காம்."

"பல்ல விட்டுருங்கண்ணே. சீழு பல்ல விட்டுட்டுக் கழுத்துக்கு எறங்கிருச்சு. மூச்சுக் கொழாய நெரிக்குது. கழுத்தத் தொறந்து எடுக்கணும். அது இங்க முடியாது. மதுரைக்குப் போகணும், இப்பவே."

மதுரை என்றதும் பொன்னுவேல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கையைக் கையை ஆட்டினார். "இவுக அண்ணன் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனவரு பொணமாத்தாம்மா மலையேறுனாரு" என்று சின்னத்தாயி தாழ்ந்த குரலில் சொன்னார். "அதுலருந்து மதுரைன்னாலே ஆகாது. செத்தாலும் போளூர்ல சாவேம்பாக."

இதற்கு எந்த டாக்டரும் கோபப்பட்டிருப்பார், அல்லது தைரியம் சொல்லியிருப்பார். தேவகுமாரி இரண்டும் செய்யவில்லை. "எனக்கும் பயமாத்தாண்ணே இருக்கு" என்றார். பிறகு ஒரு ஸ்பூனில் தண்ணீர் எடுத்து நீட்டினார். "இந்த ஒரு ஸ்பூன் தண்ணிய முழுங்குங்க. முழுங்கிட்டீங்கன்னா பல்லப் புடுங்கி ஊருக்கு அனுப்பிடுறேன். சத்தியம்."

பொன்னுவேல் ரோஷக்காரர். வாங்கி வாயில் விட்டுக்கொண்டார். தொண்டை எழும்பிப் பார்த்தது, முடியவில்லை. முகம் கறுத்தது. அத்தனை தண்ணீரும் அப்படியே உதட்டோரம் வழிந்து ஸ்வெட்டரில் இறங்கியது. சின்னத்தாயி அதைத் துடைக்கப் போன கையை அந்தரத்தில் நிறுத்திப் புருஷன் முகத்தைப் பார்த்தார். "ஜீப்புல ஏறுங்க" என்றார்.

ஆம்புலன்ஸ் மன்னவனூர்ப் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. திரும்பி வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். தேவகுமாரி மூன்று முறை கேட்டுவிட்டு சீழுக்கு ஓர் ஊசியைப் போட்டார், மதுரையில் தெரிந்த அறுவை டாக்டரைப் போனில் பிடித்து விவரம் சொன்னார், கோட்டோடு படியிறங்கினார். "டாக்டர், பெஞ்சுல ஏழு பேரு கெடக்காக" என்றார் பாண்டிச்செல்வி. "கழுத்தெல்லாம் பாத்துட்டேன். நாளைக்கு வரச் சொல்லு."

ஜீப்பில் பொன்னுவேலை நடுவில் உட்கார வைத்தார்கள். படுக்கக்கூடாது, பின்னால் சாயவும் கூடாது, நாக்கு பின்னால் விழுந்தால் மூச்சு அடைத்துவிடும். அவருடைய ஸ்வெட்டரை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டு தேவகுமாரி பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளி நீர்வீழ்ச்சியில் சுற்றுலா வண்டிகள் இரண்டு வரிசையாக அடைத்துக்கொண்டு நின்றன. யாரையும் அதட்டி அறியாத அந்த அம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏலே, வண்டிய எடு! உள்ள உசிரு இருக்குடா!" என்று கத்தினார். ஜீப்காரர் பழனிக்குமாரே திரும்பிப் பார்த்தார்.

அதற்குக் கீழே வளைவு வளைவாக மஞ்சு மூடி, வழி தெரியவில்லை. பொன்னுவேலின் மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது. அவர் தூங்கிவிடக்கூடாது. மற்றவர்கள் இந்த இடத்தில் சாமி பேரைச் சொல்வார்கள். தேவகுமாரிக்கு வாயில் வந்தது வேறு. "அண்ணே, நான் சொல்றதுக்கு ஒவ்வொண்ணுக்கும் வெரலத் தூக்கணும். ராத்திரி பல்லு வெளக்கிட்டுத்தான் படுக்கணும், சரியா?" ஒரு விரல் எழுந்தது. "புகையில அடக்கக்கூடாது." விரல். "பூண்டு கொழம்புக்குத்தான், பல்லுக்கு இல்ல." விரல். "வெதுவெதுன்னு உப்புத்தண்ணி கொப்புளிக்கலாம், வெளிய சூடு வைக்கக்கூடாது." விரல். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும்." விரலுக்குப் பதிலாகச் சின்னத்தாயி, "கூட்டியாறேங்கம்மா, கூட்டியாறேன்" என்று அழுதார்.

ஒரு வளைவில் விரல் எழவில்லை. விசிலும் நின்றது. தலை சரிந்து முன்னால் தொங்கியது. தேவகுமாரி ஸ்வெட்டரைப் பிடித்த பிடியிலேயே அவரைத் தூக்கி நிமிர்த்தி, மறு கையால் தாடையை முன்னால் இழுத்தார். "அண்ணே! வலி நின்னுபோச்சுன்னா என்ன செய்யணும்? சொல்லுங்கண்ணே! என்ன செய்யணும்?" ஜீப்பில் ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் என்று பிறகு கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். அப்புறம் கிழிகிற மாதிரி ஒரு மூச்சு உள்ளே போயிற்று. விரல் எழுந்தது. "தேத்தண்ணி" என்றார் தேவகுமாரி, யாரிடமென்று இல்லாமல். யார் கொடுப்பது? ஜீப் இன்னும் வத்தலக்குண்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

மதுரை ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்றவர்கள் படுக்க வைக்கப் பார்த்தார்கள். "படுக்க வைக்காதீங்க! உக்கார வச்சே கொண்டு போங்க!" என்று கூடவே ஓடினார். ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் ஸ்வெட்டரை விடவில்லை. அங்கே ஒரு நர்ஸ்தான் இழுத்து விடுவித்தார்.

முக்கால் மணி நேரம் டாக்டரும் சின்னத்தாயியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்தது. "கழுத்துல கொழாய் போட்டாச்சு, சீழ எடுத்தாச்சு. மூச்சு நல்லா இருக்கு. ஒண்ணும் பயப்படாதீங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். சின்னத்தாயி முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து எழுந்து போய் இரண்டு டீ வாங்கிவந்தார்.

டீயை வாங்க தேவகுமாரி கையை நீட்டினார். கை மூடியே இருந்தது. திறக்கப் பார்த்தார், வரவில்லை. மூன்றரை மணி நேரம் இறுக்கிய விரல்கள் மடங்கியபடியே விறைத்திருந்தன, இடுக்கில் பொன்னுவேலின் ஸ்வெட்டரிலிருந்து நீல நூல் இரண்டு பிய்ந்து தொங்கியது. சின்னத்தாயி டீயைப் பெஞ்சில் வைத்தார். டாக்டரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.