நான் வைத்துக்கொண்ட ஆண் பெயர்

சீரியல் ரசிகர் குழுவில் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. தர்மபுரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் இல்லாத நேரங்களில், நான் பார்க்கும் தொடரைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்களைத் தேடிப் பிடித்தேன். சேரும்போது ஒரு பெயர் கேட்டார்கள். பெண் பெயரில் போனால் கண்டவனும் வந்து தொந்தரவு செய்வான் என்று உடன் வேலை பார்த்தவள் சொன்னாள். அதனால் தொடரின் நாயகன் பெயரையே வைத்துக்கொண்டேன். படத்துக்கு, அவன் முதுகைக் காட்டியபடி பைக்கில் உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்று.

அந்தத் தொடர் முடிந்தும் குழு கலையவில்லை. அடுத்த தொடர், அதற்கடுத்தது என்று ஓடி, இணையதளத்திலிருந்து செல்போனுக்கு இடம் மாறியது. மலேசியாவில் ஒரு டீச்சர், துபாயில் ஒரு சமையல்காரர், சென்னையில் அக்கா தங்கை இருவர் என்று எங்கெங்கோ இருந்தோம். யாருடைய போன் நம்பரும் யாருக்கும் தெரியாது, வைத்துக்கொண்ட பெயர்தான் தெரியும். ஊரை எழுதக்கூடாது என்பதும் குழுவில் ஒரு கட்டுப்பாடு. நான் பெண் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் விளையாட்டாக ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை மாற்ற எனக்கும் தோன்றவில்லை.

அங்கே எனக்கு மிக நெருக்கமானவள், தினமும் கதைச்சுருக்கம் எழுதுகிறவள். எபிசோட் பார்க்க முடியாதவர்களுக்காக எழுத ஆரம்பித்து, பார்த்தவர்களும் காத்திருந்து படிக்கும்படி ஆகிவிட்டது. “மாமியார் இன்னிக்கு மூணு வாட்டி திரும்பிப் பாத்தாங்க, மூணு வாட்டியும் இடி இடிச்சுது, மழைதான் வரல” என்று எழுதுவாள். ஒரு முறை தனிச்செய்தியில் எழுதிக்கொண்டபோது அவள் கம்பைநல்லூர் என்று தெரிந்தது, என் பேரையும் ஊரையும் நானும் சொன்னேன். நான் கல்யாணமாகி வந்த ஊர் காரிமங்கலம் பக்கம். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனாலும் நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை. அவள் வீடு மாவு மில்லுக்குப் பின்னால் இருக்கிறது, மில் ஓடினால் டிவி வசனம் கேட்காது என்று அடிக்கடி சலித்துக்கொள்வாள்.

போன வருடம் ஒரு வாரம் சுருக்கம் வரவே இல்லை. உடம்பு சரியில்லையோ என்று இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். பதில் இல்லை. பிறகு ஒரு மத்தியானம், நான் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, அவளிடமிருந்து தனிச்செய்தி வந்தது.

“எங்க இருக்க.”

“கடைலதான்டா. என்னாச்சு உனக்கு?” என்று எழுதினேன்.

“எந்தக் கடை.”

நான் உரக்கடையில் வேலை செய்வது அவளுக்குத் தெரியும். முதலாளியைப் பற்றி எத்தனையோ நாள் புலம்பியிருக்கிறேன். எழுதுவது அவள்தானா என்று சந்தேகம் வந்தது. அடுத்த செய்தி வந்தது. “உன் போட்டோ அனுப்பு.” அதற்கும் நான் பதில் எழுதாமல் இருக்க, அவள் கணக்கிலிருந்தே கால் வந்தது. எடுத்து, “ஹலோ” என்றேன். மில் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ ஓர் ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் எழுதினான். “பொம்பளைய பேச வெச்சா நம்பிருவனா. நீ யாருன்னு அவ வாயத் தொறக்க மாட்டேங்குறா. நான் கண்டுபிடிக்கறேன்.”

கடைக்கு வந்தவர் யூரியா என்ன விலை என்று கேட்டதுகூட என் காதில் விழவில்லை. அது அவள் கணவன் என்று புரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை என்றால், திறக்க வைக்க அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் பழைய செய்திகளைத் திறந்தேன். அவன் கண்ணால் படித்துப் பார்த்தேன். ‘நீ இல்லாம எபிசோட் பாக்கவே புடிக்கல.’ ‘தூங்கிட்டியா?’ ‘அவர் வந்துட்டாரு, அப்புறம் பேசறேன்.’ ‘உன்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லுவேன்.’ இரண்டு பெண்கள் பேசிய பேச்சு. மேலே ஆண் பெயரும் பைக் படமும் இருந்ததால், ஒவ்வொரு வரியும் வேறு ஏதோ ஆகிவிட்டிருந்தது.

குழுவில் விஷயத்தைச் சொன்னேன். போலீசுக்குப் போ என்றார் மலேசியா டீச்சர். போனால் அவன் இன்னும் முறுக்கிக்கொள்வான் என்றாள் சென்னை தங்கை. கணக்கை அழித்துவிட்டு ஒதுங்கிவிடு என்றும் ஒருவர் எழுதினார். அழித்தால், மாட்டிக்கொண்டதும் ஓடிவிட்டான் என்றுதான் அவன் நினைப்பான்.

என் கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். வீட்டில் நானும் என் மாமியாரும்தான். நான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவர், “என்னம்மா, ஆரு என்ன சொன்னாங்க?” என்று கேட்டார். அவரிடம் இந்தக் குழுவைப் பற்றி நான் பேசியதே இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீ போயி நேரா நின்னாத்தான் நம்புவான்” என்றார்.

“பயமா இருக்குது அத்தை. அவன் கைய கிய வெச்சுட்டா?”

“தனியா எதுக்குப் போற? நானும் வர்றேன். பகல்ல போவலாம். மாமியாரோட வந்து நிக்கறவள என்னன்னு நெனைப்பான்?”

மறுநாள் காலை கம்பைநல்லூர் பஸ் ஏறினோம். வழியெல்லாம் பஸ் கெட்டுப்போய் நின்றுவிடக் கூடாதா என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அத்தை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மழை இல்லாமல் காய்ந்திருந்த கொள்ளுக் காடுகளைப் பார்த்தபடி வந்தார். இறங்கி, மாவு மில் எங்கே என்று பூக்காரப் பெண்ணிடம் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அத்தைதான் மறுபடி கேட்டார்.

மில்லுக்குப் பின்னால் ஒரே ஒரு வீடு. வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் விபூதி. முரடனாக இருப்பான் என்று நினைத்து வந்தேன். அப்படி இல்லாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“ஆருங்க வேணும்?” என்றான், மரியாதையாக.

அத்தை சொன்னார். “நீங்க போன்ல தேடிட்டு இருக்கற ஆளு இவதாங்க. எம் மருமவ.”

அவன் துணியைப் பைக் மேல் வைத்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். “ஆரு சொல்லிக் குடுத்து வந்தீங்க?”

“ஆரும் சொல்லலீங்க. நாங்க சீரியல் பாக்கறவங்க. அது ஒரு குரூப்பு. அந்தப் பேரு சும்மா வெச்சது” என்றேன்.

“அந்த ஆளு உங்கள அனுப்பலன்னு நான் எப்பிடி நம்பறது?”

பையிலிருந்து போனை எடுத்தேன். விரல் வேர்த்து, பூட்டுத் திறக்கவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டேன். அவன் பார்த்துக்கொண்டே இருக்க, அவளுக்கு எழுதினேன். ‘நான் உங்க வூட்டு வாசல்ல நிக்கறேன்.’ அனுப்பினேன். அவன் சட்டைப் பையில் மணி அடித்தது.

எடுத்துப் பார்த்தான். என் கையிலிருந்த போனை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனான். மில் ஓட ஆரம்பித்தது. அவன் படித்து முடிக்கும்வரை நான் அத்தையின் கையை விடவில்லை.

“பொம்பளைக்கு எதுக்குங்க ஆம்பள பேரு?” என்றான் கடைசியாக.

“ஆம்பளைங்க தொந்தரவு பண்ணுவாங்கன்னு பயந்துதான் வெச்சா” என்றார் அத்தை. “அந்தப் புள்ளையக் கூப்புடுங்க. இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு பார்வ பாத்துட்டுப் போறோம்.”

அவன் உள்ளே திரும்பி, தண்ணி கொண்டுவா என்றான். அவள் வந்தாள். நான் நினைத்து வைத்திருந்ததைவிட ஒல்லியாக, உயரமாக இருந்தாள். இடது கையால் சொம்பை நீட்டினாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் அன்றுதான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. “சாப்டுட்டுப் போங்க” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

அவன் என் போனைத் திருப்பிக் கொடுத்தான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுபோய் விடட்டுமா என்று மட்டும் கேட்டான். வேண்டாம் என்று நடந்தோம். பஸ்ஸில் அத்தை, “கையப் பாத்தியா?” என்றார். பார்த்தேன் என்றேன். அவளைக் காப்பாற்றிவிட்டு வருகிறோமா, விட்டுவிட்டு வருகிறோமா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு பல வாரம் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பேப்பரில் கம்பைநல்லூர் என்று எதைப் பார்த்தாலும் ஒரு வரி விடாமல் படித்தேன். ஒரு நாள் தெரியாத பெயரில் ஒரு கணக்கிலிருந்து கால் வந்தது. “டேய்” என்றாள். அண்ணன் வந்து கூட்டிப் போய்விட்டாராம். தீர்த்தமலைப் பக்கம் அண்ணன் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள்.

“எம் பேரு ஊரு சொல்லியிருக்கலாமே, எதுக்கு அப்பிடி அடி வாங்கின?” என்றேன்.

“பொம்பளைன்னு சொன்னேன், நம்பல. ஊரச் சொல்லியிருந்தா உன் வூட்டு வாசல்ல வந்து நின்னுருப்பாரு. உங்கூட்டுக்காரரு என்ன மாதிரி ஆளோ, எனக்கு எப்பிடித் தெரியும்? அதான் சொல்லல.”

அவளே பேச்சை மாற்றி, இப்போது ஓடும் தொடரில் அந்த மாமியார் செத்துவிட்டாளா, இல்லை நடிக்கிறாளா என்று கேட்டாள். நான் சொன்னேன்.

அவள் இப்போது அரூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சுருக்கம் எழுதுகிறாள். வேறு பெயரில். நானும் பெயரை மாற்றிக்கொண்டேன்.

இரண்டு மாதம் முன்பு காரிமங்கலம் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். நிமிர்ந்தால் அவன். அதே விபூதி.

“நல்லாருக்கீங்களா?” என்றான்.

தலையாட்டினேன்.

“அவ உங்ககிட்ட பேசறாளாங்க?”

“இல்லீங்க” என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். “பேசுனா, நான் கேட்டேன்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனான். தக்காளிக்காரர் பையை நீட்டிக்கொண்டே இருந்தார். அன்று நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. அவன் பின்னால் வருகிறானா என்று பார்த்துப் பார்த்து, சந்தையைச் சுற்றி, கடைத்தெருவில் நின்று, வேறு ஊர் பஸ்ஸில் ஏறி, வழியில் இறங்கி நடந்து போனேன். அவன் கேட்டதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.