வெள்ளிக்கிழமை எரிந்த பிரேக் பல்பு

டக்… டக்… டக்…

சாவியைத் திருப்பினால் எங்கள் பழைய பிக்கப் அவ்வளவுதான் பேசும். விடிகாலையில் அந்தச் சத்தம் கேட்டாலே நான் வண்டியைத் தள்ள ஓடுவேன். பின்னால் ஐஸ் போட்ட மீன் கூடைகள்… கூடைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு மீன்காரப் பெண்கள்… வண்டி மட்டும் அசையாது.

பனித்திட்டிலிருந்து வில்லியனூர் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப்போகிற வண்டி அது. ஓட்டியது என் அக்கா செல்வி. எங்கள் தெருவில் பிக்கப் ஓட்டிய ஒரே பெண் அவள்தான். அந்தத் திமிரும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, இருக்கட்டுமே.

வண்டி மக்கர் பண்ணுவது பெரும்பாலும் சனிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை மீன் வாங்குகிறவர்கள் குறைவு என்பதால் அன்று வண்டிக்கு ஓய்வு. ஒரு நாள் சும்மா நின்றால் போதும், மறுநாள் பாட்டரி காலி. புது பாட்டரி போட்டும் அதே கதை. தள்ளித் தள்ளிச் சலித்துப்போன பெண்கள் கடைசியில், "இனிமே ஷேர் ஆட்டோல போய்க்கிறோம் செல்வி, கோச்சிக்காத" என்றார்கள்.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. கரியமாணிக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் வண்டியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை காலையில் வந்து ஓட்டிப் போகச் சொல்லிவிட்டார் அப்பா. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்க மாட்டார், அதனால்தான் எங்களுக்கு அந்த ஒரு நாள் கிடைத்தது. வண்டி போனால் அக்கா பழையபடி கம்பெனி வேனில் ஏறிப்போய் இறால் உரிக்க வேண்டும். அந்த வேலையை விட்டு வந்த அன்று, இனி அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று சொன்னவள் அவள்.

பாட்டரி கடைக்காரர் சார்ஜ் ஏற்றிக் கொடுக்கும்போது ஒரு வழி சொன்னார்.

"பாட்டரி நல்லாதாம்மா இருக்குது. வண்டி நிக்கும்போது எதுவோ கரண்ட் குடிச்சிகினு இருக்குது. மைனஸ் ஒயர கழட்டி நடுவுல ஒரு பல்பு போட்டுப் பாரு. எரிஞ்சிச்சின்னா திருடன் உள்ளதான் இருக்கான்."

வெள்ளிக்கிழமை மதியம். நல்ல வெயில். வெளிச்சத்தில் பல்பு தெரியாது என்று வண்டியின் பக்கவாட்டில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, பாட்டரிப் பெட்டிக்கு முன்னால் நான் உள்ளே உட்கார்ந்தேன். அக்கா ஒரு பிரேக் பல்பை ஒயரோடு சேர்த்தாள்.

எரிந்தது.

சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. வண்டியில் ஒரு சத்தம் கிடையாது. பல்பு மட்டும் மங்கலாக, சிவந்து எரிகிறது… நின்ற வண்டி செத்த வண்டி என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அக்கா முன்னால் போனாள். திடீரென்று பல்பு பளிச்சென்று எரிந்தது. "அக்கா, கண்டுபுடிச்சிட்ட" என்று கத்தினேன்.

"கதவத் தொறந்தேன்டி. உள்ள லைட்டு எரியுது."

அந்த லைட்டைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒவ்வொரு தடவையும், "போச்சா?" என்பாள். "இல்லக்கா" என்பேன். எல்லா ஃபியூஸும் அவள் மடிக்கு வந்துவிட்டது, பல்பு அசரவில்லை. டைனமோ ஒயரையும் கழற்றினாள். அப்போதும் எரிந்தது.

பிறகு பாட்டரியிலிருந்து கிளம்பும் ஒயர்களைக் கையால் தடவிக்கொண்டே போனாள். மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று வண்டித் தரையிலிருந்த ஓட்டை வழியாக சீட்டுக்குப் பின்னால் ஏறியது. ஏறி… மஞ்சள் துணிக்குள் போனது.

அக்கா கையை எடுத்துவிட்டாள்.

மாசி மகத் தீர்த்தவாரிக்கு எங்கள் அம்மன் போனது இந்த வண்டியில்தான். அன்று பூசாரி சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியில் மஞ்சள் துணியைச் சுற்றிக் காப்பு கட்டினார். அடுத்த மகம் வரை அவிழ்க்கக் கூடாது. தினமும் வண்டி கிளம்பும்போது அம்மா அந்தத் துணியில் கை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். துணி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். "அவ உள்ளதான் இருக்கா" என்பாள்.

அக்கா அம்மாவைக் கூப்பிட்டாள்.

"இத அவுக்கணும்மா."

"வெள்ளிக்கெழம அதுவுமா?"

"அவுக்கலன்னா நாளைக்கி வண்டியே இருக்காது."

அம்மா துணியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "தலைக்குத் தண்ணி ஊத்திகினு வா" என்று மட்டும் சொன்னாள்.

ஈரத்தலையோடு வந்து, கற்பூரம் காட்டி, அக்கா முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி. திருவிழாவுக்கு வண்டி முழுக்க பல்பு மாலை எரிய, பாட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தர நேராக மாட்டிய கன்வெர்ட்டர். மாலைகளைக் கழற்றியதோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துவிட்டோம். பூசாரி கம்பியோடு சேர்த்து அதையும் சுற்றிக் கட்டியிருக்கிறார். பெட்டியில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

நான் தார்ப்பாய்க்குள் ஓடினேன். அக்கா ஒயரைப் பிடுங்கினாள். பல்பு அணைந்தது. "அணைஞ்சிடுச்சிக்கா!" என்று கத்தினேன்.

கோயிலில் திரை விலகும்போதுகூட நான் அப்படிக் கத்தியதில்லை. வெளியே வந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அவள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அதே சூடு.

"சூடு எதால வந்தா இன்னா… காத்தால கைய வச்சா எனக்கு தைரியமா இருந்திச்சி" என்றாள். துணியை மடித்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

சனிக்கிழமை கரியமாணிக்கத்துக்காரர் வந்தபோது வாசலில் வண்டி இல்லை. வில்லியனூரில் அதே பெண்களின் மீனை இறக்கிக்கொண்டிருந்தது. அப்பா அவருக்கு டீ கொடுத்து அனுப்பினார்.

இப்போது அக்காவிடம் இருப்பது புது வண்டி. சமீபத்தில் அதில் ஏதோ கோளாறு. மெக்கானிக் ஒரு கருவியைச் செருகினார், ஸ்கிரீனில் கோளாறின் பெயரே வந்துவிட்டது. டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, சப்புன்னு ஆயிடுச்சா?"

"அப்டி இல்லடி… அன்னிக்கி பல்பு அணைஞ்சிடுச்சின்னு நீ கத்தின பாரு… என் கையே எனக்குப் புதுசா இருந்திச்சி."