நீல மீனும் அவர் சட்டையும்

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, திண்டிவனம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அவர் வளர்த்த கடல்மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. உடம்பெல்லாம் நீலம், வால் மட்டும் மஞ்சள். வாலடியில் கத்தி போல ஒரு முள். காய்ந்த கடல்பாசியைக் கண்ணாடியில் செருகி வைத்தாலும், கல் இடுக்கில் செத்தது போலச் சாய்ந்து கிடந்தது.

“வாலுல கத்திய வெச்சிக்கினு இன்னாடி ரோசம்? பொண்டாட்டி நானே துன்னுக்கினுதானே கீறேன்!” என்றேன். அசையவில்லை.

காரியம் முடிந்ததும் அவர் துணிகளை வழக்கப்படி தானம் கொடுத்துவிட்டோம். கட்டம் போட்ட சட்டை ஒன்றை மட்டும் நான் ஒளித்து வைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் அதைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றேன். மீன் மெல்ல வந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானுக்கு நேராக நின்று பாசியைக் கடித்தது.

“அடிப்பாவி, சொக்காதான் ஒனக்கு ஆளா?” என்று முணுமுணுத்தேன்.

விழுப்புரத்தில் வேலை முடிந்து வந்த என் மகன், வாசலில் நின்று என் முதுகைப் பார்த்து, “யப்பா...” என்றான்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் மீன் போய்விடும். அவனுக்கு அவரும் போய்விடுவார்.